இரண்டு ஒன்றாம் நம்பர்

பாண்டீஸ்வரனைக் கள்ளன் என்று முதலில் சொன்னது சுயம்புலிங்கம். அதற்கு அத்தாட்சி கொடுத்தது நான்.

அவர்கள் இருவரும் கம்பத்தில் ஜீப் ஓட்டுகிறவர்கள். விடியற்காலையில் கம்பம் மெட்டு மலைச்சாலை ஏறி, கேரளப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் வேலையாட்களை இறக்கிவிட்டு வருவது தொழில். ஸ்டாண்டில் இருபத்திரண்டு ஜீப். எது முன்னால் போவது என்பதில் வருடத்துக்கு இரண்டு மண்டையாவது உடைந்ததால் சங்கம் ‘டர்ன்’ முறையைக் கொண்டுவந்தது. ஸ்டாண்டுக்குள் நுழையும்போதே ஜீப்புக்கு ஒரு நம்பர். அந்த வரிசைப்படிதான் ஆள் ஏற்ற வேண்டும். ஒன்றாம் நம்பர்காரன் செக்போஸ்டில் கூட்டம் சேருவதற்குள் மலை ஏறிவிடுவான். இறங்கி வந்து இரண்டாம் நடையும் அடித்துவிடுவான். பின்னால் நிற்பவனுக்கு அன்றைக்கு ஒரு நடைதான்.

முன்பு நோட்டில் எழுதினார்கள். நோட்டில் அடித்தல் திருத்தல் வந்து அதற்கும் சண்டை. அதனால் எங்களிடம் வந்தார்கள்.

எங்களிடம் என்றால், பழனிசெட்டிபட்டியில் பூச்சிமருந்துக் கடை மாடியில் இரண்டு அறை. ஹேமாவதி தொடங்கிய சாப்ட்வேர் கடை. நானும் அவளும் தேனியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். நான் சென்னையில் மூன்று வருடம் இரவு ஷிப்டில் அமெரிக்கக்காரர்களின் சர்வர்களுக்குக் காவல் இருந்துவிட்டு, ஒருநாள் பாதி ஷிப்டில் எழுந்து ஊருக்கு பஸ் ஏறியவன். ஏன் வந்தாய் என்று ஊரில் எல்லோரும் கேட்டார்கள். ஹேமா கேட்கவில்லை. “நாளைல இருந்து வர்றியா, ஈஸ்வரா?” என்றாள். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு.

ஜீப் ஸ்டாண்டு புரோகிராமை முழுக்க எழுதியது நான். அந்த மாதம் ஹேமா போடியில் ஓர் ஏலக்காய்க் கிடங்கின் வேலையாக அங்கேயே தங்கியிருந்தாள்.

ஸ்டாண்டுக்கு இரண்டு வாசல். பெரிய வாசல் மெயின் ரோட்டில். இன்னொன்று சந்து வாசல். சுருளிப்பட்டிப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குச் சுருக்கு வழி. ஆறு மணிக்கு மேல் சந்தில் வாழைத்தார் லாரிகள் வந்து அடைத்துக்கொள்ளும் என்பதால் அதற்குப் பிறகு அந்த வாசலை மூடிவிடுவார்கள். பெரிய வாசலில் சுருளிராஜன், சந்து வாசலில் விஜய்ராஜ். ஆளுக்கொரு போன், இடுப்பில் ஆளுக்கொரு சின்ன பிரிண்டர். ஜீப் வந்ததும் போனில் தட்டினால் நம்பர் சீட்டு வரும். இரண்டு போனும் சங்க ஆபீசில் இருக்கும் பழைய கம்ப்யூட்டரோடு பேசும்.

வாசல் இரண்டு, ஆனால் வரிசை ஒன்றாக இருக்க வேண்டும். இதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட கணக்கு.

புரோகிராமில் ‘கிளாஸ்’ என்பது செங்கல் அச்சு மாதிரி. அச்சு ஒன்று கையில் இருந்தால் எத்தனை செங்கல் வேண்டுமானாலும் அறுக்கலாம். அறுத்த செங்கல் ஒவ்வொன்றும் ஓர் ‘ஆப்ஜெக்ட்’. டர்ன் வரிசைக்கு இது ஆகாது. வாசலுக்கு ஒரு வரிசையை அறுத்துக்கொண்டால் வாசலுக்கு ஓர் ஒன்றாம் நம்பர் வந்துவிடும். ஒரே ஒரு செங்கலோடு நின்றுவிடும் அச்சு வேண்டும். அதற்கு ஒரு வழி இருக்கிறது, சிங்கிள்டன் என்று பெயர். அச்சை யாரும் தொடாதபடி உள்ளே வைத்துப் பூட்டிவிடுவது. வெளியே ஒரு ஜன்னல் மட்டும். வரிசை வேண்டும் என்று எவன் கேட்டாலும் அந்த ஜன்னலில்தான் கேட்க வேண்டும். உள்ளே இருக்கிறவன், ஏற்கெனவே வரிசை இருக்கிறதா என்று பார்ப்பான். இருந்தால் அதையே எடுத்துக் கொடுப்பான். இல்லையென்றால் ஒன்றைச் செய்து, தன்னிடம் வைத்துக்கொண்டு, அதைக் கொடுப்பான். எல்லாம் சேர்த்து எட்டு வரி.

அந்த எட்டு வரியின் மேல் எனக்குப் படிக்கிற காலத்திலிருந்தே மரியாதை உண்டு. சென்னையில் எனக்கு மேல் ஐந்து மேனேஜர்கள். ஒரு சர்வர் விழுந்தால் யார் சொல்வது கடைசி வார்த்தை என்று தெரியாமல் ஐந்து பேருக்கும் போன் போட்டுக்கொண்டிருப்பேன். இங்கே எட்டு வரியில் அந்தப் பிரச்சினையே கிடையாது. எங்கிருந்து கேட்டாலும் ஒரே பதில். எழுதி முடித்த அன்று நானே கடையில் ஒரு போனைத் தட்டினேன், பிறகு மேசையின் மறுமுனைக்கு நடந்துபோய் இன்னொன்றைத் தட்டினேன். ஒன்று, இரண்டு. மறுபடி தட்டினேன். மூன்று, நான்கு. திருப்தியாக இருந்தது.

கூடவே ஒரு கெட்டிக்காரத்தனமும் செய்தேன். வரிசையைப் புதிதாக உண்டாக்கும்போது இருபத்திரண்டு ஜீப்பின் பர்மிட், இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் அது ஒருமுறை வாசித்துக்கொள்ளும். தேதி முடிந்த ஜீப்புக்கு நம்பர் விழாது. பழைய கம்ப்யூட்டரில் அந்த வாசிப்புக்கு மூன்று விநாடி ஆகும். நாளுக்கு ஒரு தடவைதானே என்று விட்டுவிட்டேன்.

முதல் வெள்ளிக்கிழமை காலை பாண்டீஸ்வரனும் சுயம்புலிங்கமும் ஆளுக்கொரு ஒன்றாம் நம்பர் சீட்டோடு நின்றார்கள். பாண்டீஸ்வரனுக்குச் சுருளிப்பட்டி. ஆறு மணிக்குள் சந்து வாசலில் வருகிற ஒரே ஜீப் அவருடையது. சுயம்புலிங்கம் பெரிய வாசல். புது மிசின் அப்படித்தான் இருக்கும் என்று சொல்லி, சங்கத் தலைவர் சுந்தரலிங்கம் பூவா தலையா போட்டு அனுப்பினார்.

மற்ற நாட்களில் ஒன்றும் நடக்கவில்லை. பாண்டீஸ்வரனுக்கு எட்டு வரும், பதினொன்று வரும், பேசாமல் பின்னால் போய் நிற்பார். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் ஒன்று. அவருக்கும் சுயம்புலிங்கத்துக்கும். மூன்றாவது வெள்ளிக்கிழமையும் அப்படியே. அன்றைக்குச் சுயம்புலிங்கம் பாண்டீஸ்வரனின் ஜீப் முன்னால் மல்லாந்து படுத்துவிட்டார்.

“ஏத்துடா பாப்பம்! என் மேல ஏத்திட்டுப் போடா!”

“எந்திரிய்யா. பொம்பளைக ஏறி உக்காந்துட்டாக.”

“வெள்ளிக்கெழமைன்னா ஒனக்கு மட்டும் எப்பிடிடா ஒண்ணாம் நம்பரு? சந்தனமாரி வந்து சீட்டுக் கிழிச்சுக் குடுக்குறாளோ?”

“நாங் கேட்டனா? விஜய்ராசு குடுத்தான், வாங்குனேன்.”

“மக கம்ப்யூட்டர்தான படிக்குது பாலிடெக்னிக்குல? வீட்ல ஒக்காந்து அப்பனுக்கு நம்பர் போட்டுத் தருது. ஏலே, எல்லாரும் கேட்டுக்கங்கடா, நாளைக்கு அது நமக்கெல்லாம் ஆயிரமாவது நம்பர் போடும்!”

சிரித்தார்கள். சிரித்தவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குப் போய் அதையே பேசினார்கள். பாண்டீஸ்வரனின் மகள் கயலும் சுயம்புலிங்கத்தின் மகனும் காலேஜ் போகிற பஸ் ஒன்றுதான். மறுநாள் காலையிலேயே அந்த பஸ்ஸில் அவளுக்கு ‘ஒண்ணாம் நம்பர்’ என்று பெயர் விழுந்தது.

டர்னில் மூன்று தடவை கை வைத்தவனை ஸ்டாண்டிலிருந்து எடுத்துவிடுவது சங்க விதி. எடுத்துவிட்டால் கம்பத்தில் வேறு எந்த ஸ்டாண்டும் சேர்க்காது. அது எழுதாத விதி. சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குச் சங்கக் கூட்டம் என்று முடிவானது. வெள்ளிக்கிழமை மத்தியானமே தலைவர் எனக்குப் போன் போட்டார்.

“தம்பி, ஒரே ஒரு கேள்விதேன். மிசின் தப்புப் பண்ணுமா?”

நான் சங்கக் கம்ப்யூட்டரின் சீட்டுப் பதிவை எங்கள் கடையிலிருந்தே திறந்து பார்த்தேன். மூன்று வெள்ளிக்கிழமையும் இரண்டு ஒன்றாம் நம்பர் இருந்தன. என் எட்டு வரியையும் பார்த்தேன். அதில் இரண்டு வரிசை வர வழியே இல்லை.

“மிசின்ல ஒரே வரிசைதாங்க. ரெண்டு ஒண்ணு வரவே வராது. யாரோ கை வெச்சிருக்காக.”

“எழுதிக் குடுப்பீகளா?”

எழுதிக் கொடுத்தேன். கடையின் பெயர் அச்சிட்ட தாளில், கையெழுத்தும் தேதியும் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பினேன். எனக்கு அப்போது எந்த உறுத்தலும் இல்லை. எட்டு வரியை நம்புவதா, சுருளிப்பட்டி டிரைவரையும் அவருக்குச் சீட்டுக் கொடுத்த விஜய்ராஜையும் நம்புவதா என்றால் எட்டு வரியைத்தான் நம்புவேன் என்று இருந்தேன்.

சனிக்கிழமை காலை ஹேமா போடியிலிருந்து வந்துவிட்டாள். பையைக் கூடக் கழற்றவில்லை, மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பாண்டீஸ்வரன். ஐம்பது வயது இருக்கும். காக்கிச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். என் பக்கம் திரும்பாமல் அவளிடம் பேசினார்.

“தாயி, நீதான் ஓனரம்மாவா?”

“ஆமாங்க. உக்காருங்க.”

“உக்கார வரல. இந்தத் தம்பி எழுதிக் குடுத்துருச்சு, நான் கை வெச்சேன்னு. எனக்குப் போனத் தொறந்து பேசத் தெரியும், மூடத் தெரியும். எப்பிடிக் கை வெச்சேன்னு மட்டும் சொல்லச் சொல்லு. தெரிஞ்சுக்கிறேன்.”

ஹேமா என்னைப் பார்த்தாள். நான் நடந்ததைச் சொன்னேன். பதிவைக் காட்டினேன். கடிதத்தையும் காட்டினேன். கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். அவள் முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை. நாற்காலியை இழுத்து பாண்டீஸ்வரன் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஏங்க வெள்ளிக்கிழமை மட்டும்?”

“அதத்தான தாயி எல்லாரும் கேக்குறாக.”

“அவுக கேட்டது வேற. நான் கேக்குறது, வெள்ளிக்கிழமை காலைல ஸ்டாண்டுல என்ன வித்தியாசமா நடக்கும்? மத்த நாள் நடக்காதது?”

அவர் யோசித்தார். “ஒண்ணுமில்ல. பூசை போடுவாக.”

“என்ன பூசை?”

“ஸ்டாண்டுப் பிள்ளையாருக்கு. மத்த நாள்ல சுருளிராசன் நாலரைக்கே வந்து பெரிய வாசலத் தொறந்து நம்பர் போட ஆரம்பிச்சிருவான். விஜய்ராசு செத்த நேரம் கழிச்சுத்தேன் வருவான். வெள்ளிக்கெழம அப்பிடியில்ல. தலைவர் வந்து சூடம் பொருத்தித் தேங்கா ஒடைக்கிற வரைக்கும் எவனும் நம்பர் போடக்கூடாது. ரெண்டு வாசல்லயும் வண்டி வெளியதேன் நிக்கும். அஞ்சு மணிக்குத் தேங்கா ஒடையுற சத்தம் கேட்டதும்...”

“கேட்டதும்?”

“ரெண்டு பேரும் போனத் தட்டுவாக. சத்தம் கேட்டதும் தட்டணும், லேட்டாக்குனா வெளிய வண்டியோட நிக்கிறவன் வைவான்ல?”

எனக்கு இன்னும் புரியவில்லை. ஹேமா எழுந்து என் கம்ப்யூட்டருக்குப் போய் அந்த எட்டு வரியைத் திறந்தாள்.

அவள் புரோகிராம் படிப்பதை நான் கல்லூரியிலேயே பார்த்திருக்கிறேன். எல்லோரும் மேலிருந்து கீழே கண்ணை ஓட்டுவோம். அவள் கம்ப்யூட்டராகவே மாறி ஒவ்வொரு வரியாக நிற்பாள். அன்றைக்குத் திரையின் மேல் இடது ஆள்காட்டி விரலை முதல் வரியில் வைத்தாள். “இது சுருளிராஜன்.” வலது ஆள்காட்டி விரலையும் அதே வரியில் வைத்தாள். “இது விஜய்ராஜ். தேங்கா ஒடஞ்சிருச்சு.”

இரண்டு விரலும் ஒரு வரி இறங்கின.

“சுருளிராஜன் ஜன்னல்ல கேக்குறான், வரிசை இருக்கான்னு. இல்ல. செய்யப் போறான். செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?”

“மூணு செகண்டு,” என்றேன். “பர்மிட் எல்லாம் வாசிக்கணும்.”

“செஞ்சு முடிக்கல. இன்னும் வாசிச்சிட்டு இருக்கான்.” இடது விரல் அங்கேயே நின்றது. வலது விரல் அசைந்தது. “இப்ப விஜய்ராஜ் கேக்குறான். வரிசை இருக்கா?”

நான் அந்த இடது விரலைப் பார்த்தேன்.

“சொல்லு ஈஸ்வரா. இருக்கா?”

“இல்ல.”

“அப்ப அவனும் செய்வான்ல?”

இரண்டு விரலும் கடைசி வரி வரை இறங்கி நின்றன. இரண்டு வரிசை. சுருளிராஜன் கையில் ஒன்று, விஜய்ராஜ் கையில் ஒன்று. ஒருமுறை வாங்கிய வரிசையை நாள் முடியும்வரை கையிலேயே வைத்துக்கொள்ளும்படி போன்களை எழுதியிருந்ததும் நான்தான், வேகத்துக்காக. இரண்டும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கும். சந்து வாசலின் ஒன்று பாண்டீஸ்வரனுக்கு. ஆறு மணிக்குச் சந்து வாசல் மூடிவிடும், அந்த வரிசையும் அதோடு செத்துப்போகும். அன்றைக்கு வேறு எந்த நம்பரும் மோதாது. இரவு பன்னிரண்டுக்குப் புரோகிராம் அணைந்து புதிதாகத் தொடங்கும்போது இரண்டு வரிசை இருந்த தடயமும் போய்விடும், கொடுத்த சீட்டுகளின் பதிவு மட்டும் மிஞ்சும். மற்ற நாட்களில் விஜய்ராஜ் பிந்தி வருவதால் ஜன்னலில் வரிசை தயாராக இருக்கும், அதையே வாங்கிக்கொள்வான்.

நான் சோதித்தபோது மேசையைச் சுற்றி நடந்துபோனேன். நடக்க மூன்று விநாடிக்கு மேல் ஆகியிருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க அவளுக்குக் கால் மணி நேரம் ஆனது. மூன்று வாரம் நான் அந்த வரிகளோடு இருந்திருக்கிறேன். அவள் செய்ததெல்லாம் ஒருவரிடம் என்ன நடக்கும் என்று கேட்டு, அவர் சொன்னதை அப்படியே நம்பி, பிறகு இரண்டு விரலை வைத்ததுதான். அறிவில் என்னைவிட மேல் என்று அவளைப் பற்றி முன்பும் நினைத்திருக்கிறேன். அன்று தெரிந்தது, அவள் எதிரில் இருக்கிறவர் பொய் சொல்கிறார் என்ற இடத்திலிருந்து தொடங்குவதில்லை. நான் அங்கிருந்துதான் தொடங்கினேன்.

“கை தட்டுங்க,” என்று பாண்டீஸ்வரனிடம் சொன்னாள். அவள் ஒரு போன், நான் ஒரு போன். புரோகிராமைப் புதிதாகத் தொடங்கினோம். எங்கள் கம்ப்யூட்டர் வேகமானது என்பதால் அந்த மூன்று விநாடி இழுவையை அவளே எழுதிச் சேர்த்தாள். பாண்டீஸ்வரன் தயங்கி, பிறகு பலமாக ஒரு தட்டுத் தட்டினார். இரண்டு போனிலும் 1 என்று வந்தது.

அவர் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னொருக்காத் தட்டட்டா?”

“தட்டுங்க.”

மறுபடியும் 1, 1. அதற்குப் பிறகுதான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“பூட்டுப் போட்டுரலாம்,” என்று நான் ஹேமாவிடம் சொன்னேன். ஜன்னலில் ஒரு நேரத்துக்கு ஒருவர்தான் நிற்கலாம் என்று ஆக்குவது. ஒருவன் கேட்டு முடிக்கும்வரை அடுத்தவன் வெளியே காத்திருக்க வேண்டும். அதுதான் பாடத்தில் உள்ள வைத்தியம்.

“போடலாம். ஆனா எதுக்கு? ஒரு தடவ நடக்குற காரியத்துக்கு நாள் பூரா பூட்டித் தொறந்துட்டு இருக்கணும். கேக்கும்போது செய்யிறேன்னு ஏன் வெச்ச?”

“தேவைப்படும்போது செஞ்சாப் போதும்னுதான்.”

“ஜீப் ஸ்டாண்டுல வரிசை என்னைக்குடா தேவைப்படாமப் போச்சு? ராத்திரி புரோகிராம் ஆரம்பிக்குதுல்ல, அப்பவே செஞ்சு வெச்சிரு. அஞ்சு மணிக்கு எவன் வந்து கேட்டாலும் அது அங்கன இருக்கும். இருக்கா இல்லையான்னு பாக்குற வேலையே வேணாம்.”

என் எட்டு வரியில் ஐந்தை அழித்தாள். ஒரு வரியை எழுதினாள். மீதி நான்கு. வரிசை முதலிலேயே பிறந்துவிடுகிறது. ஜன்னலில் இருக்கிறவன் அதை எடுத்துக் காட்டுவதோடு சரி. நான் அந்த நான்கு வரியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எடுக்க ஒன்றும் இல்லை, சேர்க்க ஒன்றும் இல்லை.

பாண்டீஸ்வரன் முப்பது தடவையாவது கை தட்டியிருப்பார். 1, 2. 2, 1. 1, 2. ஒருதடவை கூட மோதவில்லை. கடைசியில் கீழே பூச்சிமருந்துக் கடைக்காரர் மேலே ஏறி வந்து, “என்னப்பா, பஜனையா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாலை மூவரும் அவருடைய ஜீப்பிலேயே கம்பம் போனோம். நான் பின் சீட்டில். வழியில் அவர் ஹேமாவிடம் கயலைப் பற்றிப் பேசினார், மூன்றாவது செமஸ்டர் என்றும், பஸ்ஸில் போகமாட்டேன் என்று ஒரே பிடிவாதம் என்றும். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. எனக்கும் எதிர்பார்க்க உரிமை இல்லை.

சங்க ஆபீசில் முப்பது பேர் இருந்தார்கள். தலைவர் சுந்தரலிங்கம் மேசையில் என் கடிதத்தின் அச்சுப் பிரதி. சுயம்புலிங்கம் முதல் பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சுவர் ஓரமாக விஜய்ராஜ், அழுத முகத்தோடு. பாண்டீஸ்வரனோடு கூட்டு என்று அவன் வேலையும் அன்றைக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

“லெட்டர் வந்துருச்சு. படிச்சிரலாமா?” என்றார் தலைவர்.

“அதுக்கு முன்னால ஒரு தேங்கா வேணும்ங்க,” என்றாள் ஹேமா.

“என்ன தாயி, பூசை போட்டா மீட்டிங்க ஆரம்பிக்கிறது?”

“ஆமாங்க. வெள்ளிக்கெழமை மாதிரியே. நீங்கதான் ஒடைக்கணும்.”

“கம்ப்யூட்டருக்குப் பேய் ஓட்ட வந்துருக்காகப்பா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு. ஆனாலும் எதிர்க்கடையிலிருந்து தேங்காய் வந்தது.

சங்கக் கம்ப்யூட்டரில் என் பழைய புரோகிராம் அப்படியே இருந்தது. அதை அணைத்துத் தொடங்கினேன். ஹேமா சுருளிராஜனைப் பெரிய வாசலுக்கும் விஜய்ராஜைச் சந்து வாசலுக்கும் அனுப்பினாள். கூடவே ஆளுக்கு இரண்டு சாட்சி. “சத்தம் கேட்டதும் எப்பவும் போலத் தட்டுங்க. வேற ஒண்ணும் பண்ணாதீங்க.” பாண்டீஸ்வரனை ஆபீஸ் நடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி, இரண்டு கையும் தெரிய நிற்கச் சொன்னாள்.

தலைவர் படியில் தேங்காயை அடித்தார். ஒரே அடி.

இரண்டு பக்கமிருந்தும் ஓடி வந்தார்கள். இரண்டு சீட்டையும் மேசையில் வைத்தார்கள். ஒன்று. ஒன்று.

தலைவர் இரண்டு சீட்டையும் கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நீங்கதான சொன்னீக, வரவே வராதுன்னு?”

ஹேமா வாயைத் திறந்தாள். “எங்க கடையில செஞ்ச...” என்று ஆரம்பித்தாள். கடையின் பெயரைச் சொல்லிப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளப் போகிறாள் என்று தெரிந்தது. அவளுக்கு அது இயல்பு. நான் எழுந்துவிட்டேன்.

“நாந்தேன் சொன்னேன். மிசின எழுதுனதும் நாந்தேன். ரெண்டு வாசல்லயும் ஒரே நேரத்துல கேட்டா ரெண்டு வரிசை உண்டாகும். அத நான் பாக்கல. பாக்காமயே அவர் மேல எழுதிக் குடுத்துட்டேன். இவரு எதையும் தொடல. விஜய்ராஜும் தொடல. மூணு தடவையும் தப்பு என்னுது.”

“அந்த லெட்டரு?”

“கிழிச்சிருங்க.”

“கிழிக்கவா? பைல்ல வைக்கிறேன். மேல ‘தப்பு’ன்னு எழுதி நீங்களே கையெழுத்துப் போடுங்க.”

போட்டேன். முந்தின நாள் போட்ட அதே கையெழுத்தின் பக்கத்திலேயே.

ஹேமா புதுப் புரோகிராமை ஏற்றினாள். இன்னொரு தேங்காய். ஒன்று, இரண்டு. நம்பாமல் மூன்றாவது தேங்காயும் வாங்கினார்கள். ஒன்று, இரண்டு. நான்காவதற்குத் தலைவர் காசு கொடுக்க மறுத்துவிட்டார்.

பிறகுதான் சுயம்புலிங்கத்தின் பக்கம் எல்லோரும் பார்த்தார்கள். அந்த ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தன் மேல் பொய்யாக டர்ன் குற்றம் சொன்னவன், தன் டர்னை ஒருநாள் அவனுக்கு விட்டுக்கொடுத்து, அன்றைக்கு ஓட்டாமல் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லோரும் பார்க்க உட்கார்ந்திருப்பதுதான் தண்டனை.

“திங்கக்கெழமை சுயம்புலிங்கம் டர்ன் பாண்டீஸ்வரனுக்கு,” என்றார் தலைவர்.

“எனக்கு வேணாம்,” என்றார் பாண்டீஸ்வரன்.

“வழக்கம்யா.”

“இருக்கட்டும். மிசின் காட்டுனதத்தான அவன் சொன்னான்? நானா இருந்தாலும் குறுக்க படுத்துருப்பேன். எனக்கு என் நம்பர் போதும். பத்தோ பதினஞ்சோ, என்னுது.” அவர் சுயம்புலிங்கத்தைப் பார்த்தார். “ஆனா எம் மக பேர இழுத்தான்ல? அத மிசின் சொல்லல. அதுக்கு மட்டும் இப்ப இங்கன பதில் சொல்லச் சொல்லுங்க.”

சுயம்புலிங்கம் கால்மேல் போட்டிருந்த காலைக் கீழே இறக்கினார். “புள்ளையப் பேசுனது தப்புத்தேன்,” என்றார் தரையைப் பார்த்து.

“எனக்குச் சொல்லாத. பஸ்ஸுல சொல்லிச் சிரிக்கிற ஒம் பயகிட்டச் சொல்லு.”

“சொல்றேன்.”

“எப்ப?”

“திங்கக்கெழம காலைல நானே பஸ்ஸுல ஏறிச் சொல்றேன்யா! போதுமா?”

திங்கட்கிழமை விடியற்காலை நானும் ஸ்டாண்டுக்குப் போயிருந்தேன். புது நான்கு வரி எப்படி ஓடுகிறது என்று பார்ப்பது வேலை என்று ஹேமாவிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவள் நம்பியது போல் தலையாட்டினாள். அவள் ஏற்கெனவே போடிக் கிடங்கின் அடுத்த வேலையில் இருந்தாள். ஜீப் ஸ்டாண்டு அவளுக்கு முடிந்துவிட்டது.

ஐந்து மணிக்குச் சந்து வாசலில் பாண்டீஸ்வரனின் ஜீப் வந்தது. விஜய்ராஜ் போனைத் தட்டினான். பதின்மூன்று. பாண்டீஸ்வரன் சீட்டை வாங்கி, முகப்பு வெளிச்சத்தில் பார்த்தார். நான் வாசலில் நிற்பது அவருக்குத் தெரியும்.

“பதிமூணு,” என்றார், என்னைப் பார்த்து. மூன்று நாளில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. “சரியா இருக்கா?”

பெரிய வாசலில் பன்னிரண்டாம் நம்பர் வரை கொடுத்திருந்தார்கள். பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.

“சரியா இருக்குங்க.”

அவர் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பின்னால் போய் வரிசையில் நிறுத்தினார். அன்றைக்கு அவருக்கு ஒரு நடைதான்.